ஸ்கேல் சார் போட்ட குடிசை

தஞ்சாவூர் ஜில்லாவில் அந்தக் காலத்தில் இருந்த மொத்தப் பயத்தையும் தராசின் ஒரு தட்டில் வைத்து, எங்கள் ஆபீஸ் ஸ்கேல் சாரின் பயத்தை மறு தட்டில் வைத்தால், சாரின் தட்டுதான் தரையைத் தொடும். சும்மா சொல்லவில்லை. ஜில்லா முழுக்க எல்லோருமே பயந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. மிராசுதார்கள் புதுப் புதுச் சட்டங்களுக்குப் பயந்தார்கள். குத்தகைக்காரர்கள் மிராசுதார்களுக்குப் பயந்தார்கள். கூலி ஆட்கள் அடியாட்களுக்கும், அடியாட்கள் கொடி பிடித்து வரும் கூட்டத்துக்கும், போலீஸ்காரர்கள் சென்னையிலிருந்து வரும் போனுக்கும் பயந்தார்கள். இவ்வளவு போட்டிக்கு நடுவில் முதலிடம் வாங்குவது லேசுப்பட்ட காரியமா? சார் வாங்கினார்.

நாய்க்குப் பயம், தந்திக்குப் பயம் என்பதெல்லாம் யாருக்கும் இருப்பதுதான். சார் ஆபீஸ் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார மாட்டார். தள்ளி உட்கார்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே, விசிறிக்கு அடியில் இருக்கும் எங்களை அனுதாபத்தோடு பார்ப்பார். பஸ்ஸில் ஏறியதும் டிரைவர் கொட்டாவி விடுகிறாரா என்று கவனிப்பார். விட்டால் இறங்கிவிடுவார். இப்படி வரிசையாக மூன்று டிரைவர்கள் கொட்டாவி விட்டதில், கும்பகோணத்தில் நடந்த சொந்தத் தங்கையின் கல்யாணத்துக்கு, பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோதுதான் போய்ச் சேர்ந்தார்.

அவருடைய நிஜப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வெண்ணாற்றங்கரையில் இருந்த எங்கள் தாலுகா ஆபீஸில் அவர் நிலப்படம் போடும் டிராஃப்ட்ஸ்மேன். சட்டைக் காலருக்குள் முதுகோடு ஒட்டி ஓர் அடி மர ஸ்கேல் எப்போதும் செருகியிருக்கும். அதனால் குனியவும் மாட்டார். ஸ்கேல் இல்லாமல் அவர் ஒரு கோடு போட்டு யாரும் பார்த்ததில்லை. லீவு லெட்டரில் கையெழுத்துக்கு அடியில் போடும் கோட்டுக்குக்கூட முதுகிலிருந்து ஸ்கேல் வெளியே வரும். ஏன் சார் இப்படி என்று நான் ஒருமுறை கேட்டேன். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ரகசியக் குரலில் சொன்னார்.

"ஸ்கேல் வச்சுப் போட்ட கோடு கோணலாப் போச்சுன்னா ஸ்கேல் மேல பழி, தம்பி. கையால போட்டா நம்ம மேல."

நான் அந்த ஆபீஸில் குமாஸ்தாவாகச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வயது இருபத்து மூன்று. திருச்சிக்கு மேற்கேயிருந்து வந்தவன். இந்த ஊர்ச் சண்டை சச்சரவெல்லாம் எனக்குப் புதிது. சாரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நானும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான், மிராசுதார் நிலத்தில் குடிசை கட்டி இருப்பவர்களுக்கு அந்தக் குடிசை மனை சொந்தம் என்று சட்டம் வந்தது. சென்னையில் அது சுலபமாக நிறைவேறிவிட்டது. கிராமத்தில் நிறைவேற்ற, எந்த நிலத்தில் எத்தனை குடிசை, எது எங்கே இருக்கிறது என்று படம் வேண்டும். படம் போட அளக்க வேண்டும். அளக்கச் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனால் கலவரம். ஒரு கிராமத்தில் சங்கிலியின் ஒரு முனையை மிராசுதார் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள், மறுமுனையைக் குடிசைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அரை மணி நேரம் தேர் வடம் மாதிரி இழுத்தார்கள். கடைசியில் இரண்டு தரப்பும் சேர்ந்து, சங்கிலி தூக்கி வந்த எங்கள் செயின்மேனைத் தூக்கி வாய்க்காலில் போட்டார்கள். அன்றைக்கு ஏற்பட்ட ஒரே சமரசம் அதுதான்.

மறுநாள் தாசில்தார், ஸ்கேல் சாரையும் அவருக்குத் துணையாக என்னையும் கூப்பிட்டார். சங்கிலி வேண்டாம், ஓர் அட்டையும் பேப்பரும் பென்சிலும் போதும், நின்ற இடத்திலிருந்து கண்ணால் பார்த்துக் கையால் வரைந்துகொண்டு வந்துவிடுங்கள், ஊர் அமைதியான பிறகு அளந்துகொள்ளலாம் என்றார். சார் மெல்லத் தன் முதுகைத் தொட்டுக் காட்டினார். "அதுவும் வேண்டாம். ஸ்கேலைப் பாத்தாலும் அளக்க வந்துட்டதாத்தான் நினைப்பாங்க" என்றார் தாசில்தார்.

அன்று மத்தியானம் சார் தன் வாழ்க்கையில் முதன்முறையாக ஸ்கேல் இல்லாமல் ஒரு கோடு போட்டார். ஆபீஸே கூடி நின்று பார்த்தது. ஆரம்பத்தில் அது ஒழுங்கான கோடாகத்தான் புறப்பட்டது. நடுவழியில் அதற்கு ஏதோ ஞாபகம் வந்துவிட்டது. நடுங்கிக் கீழே இறங்கி, திரும்ப மேலே ஏறி, பேப்பரின் ஓரத்துக்கு வரும்போது மயங்கி விழுந்தது. டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்துவிட்டு, வெண்ணாறு நல்லா வந்திருக்கு சார் என்றார். நான் போட்ட கோட்டைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே கருத்துதான்.

வேறு வழியில்லாமல் தாசில்தார் எங்கள் இருவரையும் பெண்கள் ஹைஸ்கூல் டிராயிங் டீச்சரிடம் அனுப்பினார். நாகூர்ப் பக்கத்துப் பெண். இருபத்தாறு வயதுக்கு மேல் இருக்காது. சாருக்கு அப்போது நாற்பத்து மூன்று. டீச்சர் ஒருநாளும் குரலை உயர்த்திப் பேசியதில்லை. அதுதான் சாருக்கு ரொம்பப் பயம். கத்துறவங்களை நம்பலாம் தம்பி, இப்படி மெல்லப் பேசுறவங்கதான் என்ன வேணும்னாலும் செய்வாங்க என்பார்.

பள்ளிக்கூடம் விட்ட பிறகு, சின்னப் பெண்கள் உட்காரும் பெஞ்சில், முழங்கால் மோவாயில் இடிக்க நாங்கள் உட்கார்ந்தோம். டீச்சர் முதல் வேலையாகச் சாரின் ஸ்கேலை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அப்புறம் ரப்பரையும் வாங்கினார். சார் ரப்பரைக் கொடுத்தபோது குழந்தையைப் போர்டிங் ஸ்கூலில் விடுகிற தகப்பனாரைப் போல இருந்தார்.

"ரப்பர் கையில இருந்தா, கோடு போடும்போதே அதை அழிக்கிறதைப் பத்தித்தான் சார் நினைப்பீங்க. தப்பா வந்த கோட்டை அப்படியே விட்டுடுங்க. பக்கத்துல சரியாப் போடுங்க" என்றார் டீச்சர்.

பென்சிலைக் கூர்முனைக்குப் பக்கத்தில் இறுக்கிப் பிடிக்கக் கூடாது, மேலே தள்ளி இளக்கமாகப் பிடிக்க வேண்டும். விரலை அசைக்காமல் தோளிலிருந்து மொத்தக் கையையும் வீச வேண்டும். அழுத்தாமல், பேப்பருக்கு வலிக்காமல் போட வேண்டும். பழைய செய்தித்தாள்களில் முதல் வாரம் முழுக்கக் கோடுகள், அடுத்த வாரம் முழுக்க வட்டங்கள். என் வட்டங்கள் எல்லாம் உருளைக்கிழங்காக வந்தன. சாரின் வட்டங்கள் கடைசி வரைக்கும் மூடவில்லை. ஆரம்பித்த இடத்துக்குத் திரும்பிப் போவதற்கு அவருக்கு என்னவோ தயக்கம்.

மூன்றாவது வாரம் டீச்சர் மேஜை மேல் ஒரு மண்பானையை வைத்தார். சார் குனிந்து மும்முரமாக வரைந்தார். டீச்சர் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பானை அங்க இருக்கு சார், நீங்க பேப்பரையே பாத்துக்கிட்டிருக்கீங்க என்றார். சார், பானை எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா என்றார்.

"உங்களுக்குத் தெரிஞ்ச பானை வேண்டாம். இந்தப் பானை."

சார் நிமிர்ந்து பார்த்தார். அப்போதுதான் இருவரும் கவனித்தோம், அந்தப் பானையின் வாயில் ஒரு விள்ளல் உடைந்திருந்தது.

எங்களுக்கு வேண்டியது குடிசை என்பதால், தினமும் ஊரைச் சுற்றி எங்காவது போய் ஒரு குடிசையாவது வரைந்து வர வேண்டும் என்பது வீட்டுப்பாடம். சார் சிரத்தையாக வரைந்தார். ஆனால் அவர் போட்ட குடிசை ஒன்று கவிழ்த்த தொப்பி மாதிரி இருக்கும், இன்னொன்று படுத்திருக்கும் எருமை மாதிரி இருக்கும். எதிலும் ஒரு ஆள் குடியிருக்க முடியும் என்று தோன்றாது. டீச்சர் இன்னொரு வித்தையும் சொல்லிக்கொடுத்தார். கையை நேராக நீட்டி, பென்சிலை நிறுத்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால், எது எதைவிட எத்தனை மடங்கு உயரம் என்று தெரிந்துவிடும். இதில் ஒரு ஸ்கேல் வாசனை இருந்ததால் சார் அப்படியே பிடித்துக்கொண்டார். போகிற இடமெல்லாம் கையை நீட்டி ஒரு கண்ணை மூடினார். பஸ் ஸ்டாண்டில் ஓர் அம்மாள் தன்னைப் பார்த்துக் கண்ணடித்ததாகச் சண்டைக்கே வந்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. ஊர் எல்லையில் டீக்கடைக்கு எதிரே ரிசர்வ் போலீஸ் முகாம் போட்டிருந்தார்கள். முகாமுக்குப் பின்னால் இருந்த அரசமரத்தைச் சார் மூன்று நாளாக அளந்துகொண்டிருந்தார். சார் பார்த்தது மரத்தை. பாராவில் நின்ற போலீஸ்காரருக்குத் தெரிந்தது, தினமும் அதே நேரத்துக்கு வந்து ஒற்றைக் கண்ணை மூடித் தன் நெஞ்சுக்கு நேராக எதையோ நீட்டும் ஒரு ஆள். மூன்றாம் நாள் சாரைக் காலரைப் பிடித்து உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். ஆயுதம் எடுத்துத் திரிகிற இளைஞர்களைத் தேடிப் போலீஸ் அலைந்துகொண்டிருந்த காலம் அது. சாரின் நோட்டைப் பிரித்தால் பக்கத்துக்குப் பக்கம் குடிசை, பாதை, மரம். ஒரு எழுத்துகூட இல்லை.

"இதுல எந்தெந்தக் குடிசையைக் கொளுத்தப் போறீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

குடிசையை ஆட்களோடு கொளுத்திய சம்பவம் நடந்த அந்த ஜில்லாவில் அந்தக் கேள்விக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். முகாம் வாசலில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். தாசில்தார் தஞ்சாவூர் போயிருந்தார். நான் ஓடிப்போய் டீச்சரைக் கூட்டி வந்தேன். டீச்சர் வந்து நோட்டை வாங்கினார். பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இதுல குடிசையே இல்லைங்க சார். ஒண்ணுல கூரை சரியில்ல, ஒண்ணுல சுவர் நிக்கல. இதை வச்சுக்கிட்டு யாராலயும் எதையும் கண்டுபிடிக்க முடியாது."

இன்ஸ்பெக்டரும் ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று ஒப்புக்கொண்டார். சாரை விட்டுவிட்டார்கள். திரும்பி வரும் வழியில் சார் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்தார். பயம் இன்னும் தெளியவில்லை என்று நினைத்தேன். ஆற்றுப்பாலம் வந்ததும் நின்று, அத்தனையிலுமா தம்பி கூரை சரியில்ல என்று கேட்டார்.

இந்த லட்சணத்தில்தான் நாங்கள் படம் போடக் கிளம்பினோம். முதல் சில கிராமங்கள் எப்படியோ கழிந்தன. பிறகு கடைமடைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். அந்த நிலத்து மிராசுதார் வெளியூரில் இருந்தார். அவருக்காக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர் ஒரு காரியக்காரர். வெள்ளை வேட்டி, நெற்றியில் சந்தனம், எப்போதும் சிரித்த முகம். அந்த வட்டாரத்தில் அவர் சிரித்தால் ஆட்கள் வேறு வழியாகச் சுற்றிப் போவார்கள். வயலுக்கு நடுவே உள்ள மேட்டில் நாலு குடிசைதான் இருக்கிறது, ஐந்தாவது எங்கள் மாட்டுக் கொட்டகை என்று அவர் எழுதிக் கொடுத்திருந்தார். ஐந்தாவதில் பாக்கியம் என்ற அம்மாள் குடியிருப்பதாகவும் ஒரு மனு வந்திருந்தது. புருஷன் இல்லை. நடவுக்கும் களை எடுப்புக்கும் போய்ப் பிழைப்பவள்.

நாங்கள் போனபோது குறுவைக் கதிர் முற்றியிருந்தது. வயல் முழுக்க ஆட்கள் இருக்க வேண்டிய நேரம். ஒருவரும் இல்லை. மேட்டுக்கு ஏறும் வழியில் எட்டுப் பேர் கம்போடு உட்கார்ந்திருந்தார்கள். எழுந்து வழிவிட்டு, எங்களுக்குப் பின்னாலேயே வந்தார்கள். காரியக்காரர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடிக்காவிட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று சார் குடித்தார். குடித்த பிறகு அதில் ஏதாவது கலந்திருக்குமோ என்று முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார். நாலு குடிசைக் கதவுகளும் சாத்தியிருந்தன. உள்ளே ஆட்கள் இருப்பது படல் இடுக்கில் தெரிந்தது. யாரும் வெளியே வரவில்லை.

பாக்கியம் மட்டும் ஐந்தாவது குடிசை வாசலில் நின்றாள். எங்களைப் பார்த்ததும் எதையோ எடுக்கக் குனிந்து உள்ளே போனாள். மனு கொடுத்ததற்கு அத்தாட்சியாக ஆபீஸில் கொடுத்த துண்டுக் காகிதத்தோடு மறுபடி குனிந்து வெளியே வந்தாள். காகிதத்தை நீட்டினாளே தவிர ஒன்றும் பேசவில்லை. எட்டுக் கம்புகள் கேட்டுக்கொண்டிருக்கும்போது என்ன பேசுவது?

சார் அட்டையைப் பிடித்தார். முதல் கோடு பழைய வெண்ணாறாகத்தான் வந்தது. கம்புக்காரர்களில் ஒருவன் சிரித்தான். சார் கண்ணை மூடிக்கொண்டார். திறந்து, பேப்பரைப் பார்க்காமல் குடிசையையே பார்த்தார். கையை நீட்டிப் பென்சிலை நிறுத்தினார். ஒரு கண்ணை மூடினார்.

அதன் பிறகு நடந்ததை நான் இன்றைக்கும் நம்புவதில்லை. சார் எங்களை எல்லாம் மறந்துவிட்டார். சாய்ந்த கூரை, அதில் ஏறியிருந்த பரங்கிக்கொடி, மண்சுவரில் மழை அரித்த இடம், ஓரமாகக் கல் கூட்டிய அடுப்பு, காயப்போட்ட புடவை, வாசல் பக்கத்தில் நின்ற பாக்கியம் எல்லாம் ஒவ்வொன்றாகப் பேப்பருக்கு வந்தன. நெளிந்த கோடுகள் நெளிந்தபடியே இருந்தன, ஆனால் குடிசையின் சுவரும் நெளிந்துதான் இருந்தது. இருபது நிமிஷம் இருக்கும். அந்த இருபது நிமிஷமும் அந்த மேட்டில் பயப்படாமல் நின்ற ஒரே ஆள் ஸ்கேல் சார். முடித்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் சுற்றி நின்ற எட்டுப் பேரையும் மறுபடி பார்த்தார். பென்சில் கீழே விழுந்துவிட்டது. எடுக்கக்கூட நிற்காமல் பஸ்ஸுக்கு நடந்தார். அன்றைக்கு டிரைவர் கொட்டாவி விட்டதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

நாலு நாள் கழித்துப் பாக்கியம் ஆபீஸுக்கு வந்தாள். குடிசையைப் பிரித்து எறிந்துவிட்டார்களாம். மண்ணை மட்டம் செய்து, நாலு கம்பு நட்டு மேலே கீற்றுப் போட்டு, இரண்டு மாட்டைக் கட்டியிருக்கிறார்களாம். பக்கத்துக் குடிசைக்காரர்கள் சாட்சி சொல்வார்களா என்று கேட்டேன். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "அவங்களைக் குத்தம் சொல்ல முடியாதுங்க அய்யா. அவங்க வூடும் அங்கதானே இருக்கு" என்றாள்.

அவள் வந்து போனது எப்படித் தெரிந்ததோ, மறுநாள் காலை பதினோரு மணிக்குக் காரியக்காரர் வந்து சாருக்கு எதிரே உட்கார்ந்தார். தாசில்தார் இன்னும் வரவில்லை. படம் போட்டீங்களே சார், பாக்கலாமா என்று கேட்டார். சார் எடுத்துக் காட்டினார். காட்ட மாட்டேன் என்று சொல்லவும் பயம். காரியக்காரர் ரசித்துப் பார்த்தார். தத்ரூபமாக இருக்கிறது என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு புது ரப்பரை எடுத்து மேஜை மேல் வைத்தார். வெளிநாட்டு ரப்பர், ரோஸ் கலர், நான் இருந்த இடம் வரைக்கும் வாசனை வந்தது. இந்த ஒண்ணை மட்டும் லேசா எடுத்துடுங்க, பென்சில்தானே, சிரமம் ஒண்ணுமில்ல என்றார். சார் ரப்பரையே பார்த்தார். அதே சிரித்த முகத்தோடு காரியக்காரர் தொடர்ந்தார்.

"உங்க பொண்ணு தினம் ஆத்துப்பாலம் வழியாத்தான் பள்ளிக்கூடம் போகுது போல. குறுகல் பாலம். பாத்துப் போகச் சொல்லுங்க."

ஆபீஸில் டைப் சத்தம் நின்றுவிட்டது. சார் ரப்பரைக் கையில் எடுத்தார். பேப்பருக்கு மேலே கொண்டுபோனார். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை மேஜையில் விழுந்தது. அழித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அழித்துவிடட்டும், இந்த ஆள் எழுந்து போனால் போதும் என்றுதான் அந்த நிமிஷம் வேண்டிக்கொண்டேன்.

சார் ரப்பரைத் திரும்பக் கீழே வைத்தார். "முடியலைங்க" என்றார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

ஏன் என்றார் காரியக்காரர்.

"இதுக்கு முன்னாடி எழுபது குடிசை போட்டிருக்கேங்க. ஒண்ணுகூடக் குடிசை மாதிரி வரல. போலீஸ்லயே சொல்லிட்டாங்க. இது ஒண்ணுதான் வந்திருக்கு."

"வேற ஒண்ணு போட்டுக்கலாம் சார்."

"வராதுங்க. என் கையைப் பத்தி எனக்குத் தெரியும். வராது."

காரியக்காரர் எத்தனையோ விதமான பதில்களைக் கேட்டிருப்பார். சட்டம் பேசியவர்கள், காலில் விழுந்தவர்கள், முறைத்தவர்கள் எல்லோருக்கும் அவரிடம் மருந்து இருந்தது. இப்படி ஒரு காரணத்துக்கு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. சாரையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். முதல் தடவையாகச் சிரிப்பு இல்லாத அவர் முகத்தைப் பார்த்தேன். யோசிச்சுக்குங்க என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். ரப்பரை மறக்காமல் எடுத்துக்கொண்டார்.

அவர் வாசல் தாண்டியதும் சார் நாற்காலியிலிருந்து வழுக்கி மேஜைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார். வாசலில் தாசில்தாரின் ஜீப் சத்தம் கேட்டதும் படத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். ஜீப்பிலிருந்து இறங்கக்கூட விடவில்லை. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு சார், இதை நான் வச்சிருந்தா அழிச்சாலும் அழிச்சுடுவேன், சீக்கிரம் கையெழுத்துப் போட்டு வாங்கிக்குங்க என்று கெஞ்சினார். தாசில்தார் ஜீப்பின் பானெட் மேல் வைத்துக் கையெழுத்தும் தேதியும் முத்திரையும் போட்டார். அதோடு படம் சர்க்கார் ஆவணமாகிவிட்டது. இனி ரப்பருக்கு வேலையில்லை.

சாரின் பெண் மறுநாளே அத்தை ஊருக்குப் போய்விட்டாள். சார் ஊரை விட்டுப் போக முடியாது, பாக்கியத்தின் மனு மேல் விசாரணை இருந்தது. அந்த ஒரு மாதம் சாரை ஆபீஸுக்குக் கூட்டி வருவதும் சாயங்காலம் வீட்டில் கொண்டுபோய் விடுவதும் என் வேலையாயிற்று. என்னை முன்னால் நடக்கச் சொல்வார், எதிரே யாராவது வந்தால் தெரியும் என்று. பத்தடி போனதும் பின்னால் வரச் சொல்வார், முதுகில் யாராவது போட்டால் என்ன செய்வது என்று. இப்படி முன்னும் பின்னுமாக நான் நடந்ததில் அரை மைல் தூரம் எனக்கு மட்டும் ஒன்றரை மைல் ஆனது. அவரை வீட்டு வாசலில் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரைச் சாலையில் என் அறைக்குப் போவேன்.

விசாரணை தாசில்தார் முன்னால் நடந்தது. பாக்கியத்தின் பக்கத்தில் சாட்சி என்று இருந்தது அந்தப் பேப்பர் ஒன்றுதான். மிராசுதாருக்காகத் தஞ்சாவூரிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். சாரை நிற்க வைத்து, இது ஸ்கேல் வைத்துப் போட்டதா என்று கேட்டார். இல்லை. சங்கிலி போட்டு அளந்ததா. இல்லை. படம் வரையக் கற்றுக்கொண்டு எத்தனை நாள் ஆகிறது. ரெண்டு மாசம். பெண்கள் பள்ளிக்கூடத்திலா. ஆமாங்க. கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சார் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. காரியக்காரர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு மாசத்துல கத்துக்கிட்டதை வச்சு, எங்க கட்சிக்காரர் மாட்டுக் கொட்டகையைக் குடிசைன்னு போட்டுட்டீங்க. ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா உங்களுக்கு?"

சார் தாசில்தாரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு காற்றில் கையை நீட்டி, இல்லாத பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அந்தப் படத்தை மனசில் பார்க்கிறார் என்று எனக்கு மட்டும் புரிந்தது.

"வாசல் உயரம் அந்தம்மா தோள் வரைக்கும்தாங்க இருந்துச்சு. படத்துலயும் அப்படித்தான் இருக்கு. உள்ள போனப்பவும் குனிஞ்சாங்க, வெளிய வந்தப்பவும் குனிஞ்சாங்க." சார் கண்ணைத் திறந்து கையை இறக்கினார். "மாடு குனியாதுங்களே."

சிரித்த கூட்டம் அடங்கிவிட்டது. தாசில்தார் படத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வாசலையும் பாக்கியத்தையும் விரலால் அளந்தார். வக்கீல் வேறு ஏதேதோ கேட்டார். ஆனால் அதற்குப் பிறகு யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மனை பாக்கியத்துக்கு என்று உத்தரவானது. அடுத்த தை மாதம் அதே இடத்தில் அவள் குடிசை கட்டினாள். பக்கத்து நாலு வீட்டுக்காரர்களும் கூட வந்து கீற்று முடைந்தார்கள். காரியக்காரர் ஒன்றும் செய்யவில்லை. செய்வார் செய்வார் என்று சார்தான் ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் தாசில்தாரை வடக்கே எங்கோ மாற்றினார்கள். சாரை வேதாரண்யம் பக்கம் மாற்றினார்கள். அங்கே கடல் இருக்கிறதே தம்பி என்று கவலைப்பட்டுக்கொண்டே பஸ் ஏறினார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. பொங்கலுக்குப் பொங்கல் ஒரு வாழ்த்து அட்டை வரும். அதுவும் ஒரு வருஷம் நின்றுவிட்டது.

போன மாதம் அவருடைய மகள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். அவரும் பென்ஷன் வாங்குகிற வயது. கையில் ஒரு நோட்டு. அப்பா கடைசி வரைக்கும் வரைந்துகொண்டேதான் இருந்தார் என்றார். எதற்கெல்லாம் பயந்தாரோ அதையெல்லாம் உட்கார்ந்து வரைந்துவிடுவாராம். புரட்டிப் பார்த்தேன். நாய் இருந்தது. தந்திச் சேவகர் இருந்தார். சந்தனப் பொட்டோடு காரியக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். கடல் மட்டும் பதினெட்டுப் பக்கம்.

நடுவில் ஒரு பக்கத்தில் ஆற்றங்கரைச் சாலை. அதில் ஒரு சைக்கிள் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவனின் முதுகுதான் தெரிந்தது. கேரியரில் டிபன் பாக்ஸ், இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்த தோள். நான்தான். ஒரு பக்கம் இல்லை, வரிசையாகப் பல பக்கங்கள், எல்லாம் அந்த ஒரு மாதத்துத் தேதிகள்.

என்னைக் கண்டு அவர் எதற்குப் பயந்தார் என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"உங்களைக் கண்டு இல்ல சார். அப்பாவை வீட்டுல விட்டுட்டு நீங்க தனியாத்தானே போவீங்க. திருப்பம் தாண்டி நீங்க மறையுற வரைக்கும் வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டிருப்பாங்களாம். அம்மா சொல்லுவாங்க."

நோட்டை மூடி அவரிடம் திருப்பிக் கொடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.